குடையைப் பிடித்தபடி அரை நிமிடம்

“சிரிப்பு நாடகம் பாத்து ஆரடி முன்னுக்கு வந்தது?”

அண்ணை இதைக் கேட்டபோது நான் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். மடியில் ஒரு கொப்பி, கையில் பேனை. பெற்றோல் ஸ்டேசனில் பகல் ஷிப்ட் முடித்து வந்தவர், ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கொப்பி படிப்புக்கு உரியது, சிரிப்பு நாடகம் வேலை முடிந்து வந்து காலை நீட்டிக்கொண்டு பார்ப்பதற்கு உரியது. இரண்டும் ஒரே மடியில் இருப்பதை அவர் அதுவரை கண்டதில்லை.

“நான் வருவன்,” என்றேன்.

“ஓ, வருவாய் வருவாய்,” என்று சொல்லிக்கொண்டு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அப்படிக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. எங்கள் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் பிறருடைய தோட்டங்களில் வெங்காயம் கிண்டியவர்கள். இரண்டு பேரும் கைநாட்டு. அண்ணை மூன்றாம் வகுப்போடு அவர்களுடன் வேலைக்குப் போனார். அவர் போனதால்தான் நான் போகாமல் இருக்க முடிந்தது. உயர்தரம் வரை படித்து, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கடதாசியைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான். அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, மூன்று நாட்டு விமான நிலையங்களைக் கடந்து, எண்பதுகளின் கடைசியில் லண்டனில் உள்ள ஹவுன்ஸ்லோவுக்குக் கொண்டுவந்தேன். என் பெட்டியில் வேறு பெறுமதியான பொருள் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கொப்பிக்கு ஒரு காரணம் இருந்தது. பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருந்த கல்லூரியில், வேலை செய்யும் ஆட்களுக்கென்று ஒரு வருட வகுப்பு நடந்தது. அதை முடித்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் எனக்கு ஓர் இடம் வேண்டும். நேர்முகத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. என் ஆங்கிலமோ பரீட்சைத்தாளில் பிறந்து பரீட்சைத்தாளில் வளர்ந்த ஆங்கிலம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொட்டகையில், விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளில் கத்தி, கரண்டி, கடதாசித் துவாய் அடுக்குவது என் வேலை. அங்கே பாதிப் பேர் பஞ்சாபி பேசினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களை நாள்தோறும் அரை மணிநேரம் உற்றுப் பார்க்கக்கூடிய ஒரே இடம் எங்கள் கூடத்தில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிதான்.

ஆரம்பத்தில் நாங்கள் மூன்று பேரும், அதாவது அண்ணையும் அவருடைய மனைவியான மச்சாளும் நானும், அமெரிக்க நாடகங்களின் கட்சி. ஏன் என்று கேட்டால் அதற்கு எங்கள் வீட்டுக் கூரைதான் காரணம். விமானங்கள் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருந்தது அந்த வீடு. சில நிமிடங்களுக்கு ஒரு விமானம் தலைக்கு மேலால் போகும். அப்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவோம். மச்சாள் “கறிக்கு உப்பு” என்று தொடங்கி, வாயைத் திறந்தபடி காத்திருந்து, விமானம் போனபிறகு “காணாது” என்று முடிப்பார்.

அமெரிக்க நாடகத்தில் பகிடிகள் மழை மாதிரி வரும். ஒரு விமானம் மூன்று பகிடியை விழுங்கினாலும் நாலாவது வந்துவிடும். அந்த வீடுகளும் பார்க்க அழகு. அவர்களுடைய கூடத்துக்குள் எங்கள் வீடு முழுவதையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு காரும் நிறுத்தலாம். எல்லாருக்கும் நல்ல பல். பிள்ளை பிழை செய்யும், தகப்பன் கட்டில் விளிம்பில் வந்து இருந்து புத்தி சொல்லுவார், இருவரும் கட்டிப்பிடிப்பார்கள், மெல்லிய இசை வரும். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பிரிட்டிஷ் நாடகம் அப்படி இல்லை. மண்ணிறச் சுவர்த்தாள், சமைக்க இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாத குசினி, யன்னலில் மழை.

“வெளியிலயும் மழை, உதுக்குள்ளயும் மழையோ? மாத்தும்,” என்பார் மச்சாள்.

பத்து நிமிடமாக ஒன்றும் நடக்காது. யாரோ ஒரு நாற்காலியை நகர்த்துவார்கள், யாரோ ஒரு கடிதத்தை ஒளிப்பார்கள். கடைசியில் ஒருவர் ஏதோ ஒரு சொல் சொல்லுவார். சரியாக அந்த நேரம் பார்த்து விமானம் வரும். விமானம் போனபிறகு பெட்டிக்குள் இருந்து பெரும் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். முழு அரை மணிநேரமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கட்டப்பட்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. யாரோ ஒரு வீட்டில் கொண்டாட்டம் நடக்க, நான் மதிலுக்கு வெளியே நிற்பதுபோல இருக்கும்.

அந்த மதிலில் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது மச்சாள். அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் ரிமோட்டுக்கு ஒரு பொலித்தீன் உறை உண்டு. ஒரு சனிக்கிழமை அவர் பழைய உறையைக் கழற்றிப் புதிய உறை மாட்டியபோது எந்தப் பொத்தானையோ அழுத்திவிட்டார். படம் மறைந்தது. கறுப்புத் திரையில் பச்சையும் மஞ்சளுமாக எழுத்துகள் வந்து நின்றன.

“ஐயோ, உடைச்சுப்போட்டன்! அண்ணைக்குச் சொல்லாதையும்!”

நான் வாசித்தேன். வானிலை, செய்தி, விமான நேரங்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க எண் கொடுத்திருந்தார்கள். அடியில், காது கேளாதவர்களுக்கு வசனங்களை எழுத்தில் காட்ட எட்டை மூன்று முறை அழுத்தவும் என்று இருந்தது. அழுத்தினேன். படம் திரும்பி வந்தது. கீழே, பேசுகிறவரின் நெஞ்சுக்கு நேரே, அவர் சொன்னது அத்தனையும் எழுத்தாக ஓடியது. அந்த நேரம் ஒரு விமானம் கூரைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. நான் ஒரு சொல்லையும் இழக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த வியப்பை எப்படிச் சொல்ல? வாசிக்கத் தெரிந்ததால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்தவை பல. ஆனால் வாசிக்கத் தெரிந்ததால் ஒரு விமானத்தை வென்றது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் எனக்கு ஒரு பதவி வந்தது. எழுத்து ஓட ஓட நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன்.

“இப்ப என்னவாம்?” என்பார் அண்ணை.

“தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறா. அவர் வேண்டாம் எண்டுறார்.”

“அவனுக்கு வேணும். மூஞ்சையைப் பார்.”

“ஓம். ஆனா வேண்டாம் எண்டுறார்.”

“எங்கட ஆள்தான்,” என்று மச்சாள் சொல்லிச் சிரித்தார்.

அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஆள்! யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டவுடன் ஓம் என்று சொல்லக்கூடாது. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அதைக் கணக்கில் எடுக்காமல் கொண்டுவந்து கையில் தர வேண்டும். யாருக்கும் நேரே அன்பு என்று சொல்ல மாட்டோம், சாப்பிட்டியோ என்றுதான் கேட்போம். மனத்தில் இருப்பதை வாயால் சொல்லாமல் வாழ்வதற்கென்றே நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். அதே முறையை இங்கே, மழை வழியும் ஒரு குசினிக்குள், வெள்ளைக்காரர்களும் வைத்திருந்தார்கள். எங்களை ஆண்டவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் நான் பாடமாக்கிய ஆட்கள்! அவர்கள் தங்களுடைய தோல்விகளை, கூச்சத்தை, சொல்ல முடியாமல் விழுங்கிய சொற்களைக் கூடத்தின் நடுவில் வைக்க, ஒரு நாடே சேர்ந்திருந்து சிரித்தது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

எல்லாம் அப்படி இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். பழைய சில நாடகங்களில் எங்கள் நிறத்தில் ஒரு ஆளை வைத்து, தலையை ஆட்டவைத்து, கொச்சையாகப் பேசவைத்துச் சிரித்தார்கள். அவை வந்தால் அண்ணை எழுந்து பெட்டியை நிறுத்திவிடுவார். நானும் மொழிபெயர்க்க மாட்டேன்.

எங்களுக்குப் பிடித்த நாடகம், ஒரு ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் நடந்தது. அதில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குமாஸ்தா. அவருக்கு உதவியாக ஒரு விதவை. சுற்றிவர அலுமாரிகளில் குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு செயற்கைப் பல்வரிசை. கதை அவ்வளவுதான். ஆறே வாரங்களில் முடிந்துவிடும். அமெரிக்க நாடகங்களோ தொடங்கினால் மாரியும் கோடையும் ஓடும். அவற்றின் முடிவில் எழுதியவர்களின் பெயர்கள் ஒரு ஊர்வலம் மாதிரிப் போகும். இதன் முடிவில் எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர். நான் அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே கடைசிவரை இருப்பேன். ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு பேனை. அதிலிருந்து இத்தனை வீடுகளில் ஒரே நேரத்தில் சிரிப்பு.

கொப்பியில் நான் எழுதியது இவைதான்: யார் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள், சனம் எந்த இடத்தில் சிரித்தது. அண்ணை கேட்ட கேள்விக்கு அந்தக் கொப்பிதான் என் பதில் என்று நினைத்திருந்தேன். நேர்முகத்துக்குப் போனேன்.

கல்லூரி ஆசிரியை நல்லவர். நரைத்த குட்டைத் தலைமுடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. என் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இந்த வகுப்பில் நிறையக் கட்டுரை எழுத வேண்டும். உங்களால் ஈடுகொடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா?”

நான் தலையைக் குனிந்து, “எனக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. நான் பெரிய கெட்டிக்காரி இல்லை,” என்றேன்.

ஒரு ஆசிரியர் முடியுமா என்று கேட்டால் எங்களில் ஒழுங்காக வளர்ந்த பெண் வேறு என்ன சொல்லுவாள்? ஏலும் என்று உடனே சொன்னால் தற்பெருமை பேசும் எடுப்புக்காரி. இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர், சும்மா சொல்லாதேயும் பிள்ளை, இவ்வளவு படிச்சிருக்கிறீர் என்று சொல்ல வேண்டும். பிறகு நான் பார்ப்பம் என்று சொல்லலாம். நான் அவருடைய முறைக்காகக் காத்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டி, நான் சொன்னதைப் படிவத்தில் எழுதினார். “வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி,” என்றார். செவ்வாய்க்கிழமைகளில் ஆங்கில ஆரம்ப வகுப்பு நடப்பதாகவும், அதில் ஒரு வருடம் இருந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். எழுந்து கதவைத் திறந்துவிட்டார். எல்லாம் ஐந்து நிமிடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் முதல் பாடம் பழங்களின் பெயர்கள். நான் ‘ஆப்பிள்’ என்று எழுதினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மச்சாள், “அப்பிடித்தானே சொல்ல வேணும். ஏலும் எண்டு சொல்லியிருந்தா எடுப்பு எண்டெல்லோ நினைச்சிருப்பினம்,” என்றார். அண்ணை எழும்பிக் குசினிக்குள் போனார். கொப்பியை நான் அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, எட்டரை மணிக்கு, தொலைந்த பொருட்கள் அலுவலகம். எனக்குப் பார்க்கும் மனமில்லை. அண்ணைதான் எட்டை மூன்று முறை அழுத்தினார். அந்த எண்ணை அவர் நன்றாகப் பழகியிருந்தார்.

அன்றைக்குத் தலைமை அலுவலகத்தில் இருந்து ஒருவர் வருகிறார். பெரிய நிலையம் ஒன்றில் பொறுப்பாளர் இடம் காலியாக இருக்கிறது. குமாஸ்தா பதினொரு வருடமாக அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். காலையில் இருந்து கழுத்துப்பட்டியை நான்கு முறை மாற்றியிருக்கிறார். வந்தவர் கேட்கிறார்: “நீங்கள் எடுத்து நடத்துவீர்களா?”

குமாஸ்தா ஒரு குடையைத் துடைத்துக்கொண்டு சொல்லுகிறார்: “அட, நானா? என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்களே.”

வந்தவர் தலையை ஆட்டுகிறார். “அப்படியா, சரி,” என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

கதவு மூடுகிறது. குமாஸ்தா குடையைப் பிடித்தபடி நிற்கிறார். ஒன்றும் பேசவில்லை. திரையின் அடியில் எழுத்து எதுவும் இல்லை. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு இன்னொன்று, பிறகு அந்த அரங்கில் இருந்த முழுச் சனமும். அவர் கதவைப் பார்க்கிறார். குடையைப் பார்க்கிறார். கதவு திறக்கும் என்று இன்னும் கொஞ்சம் நிற்கிறார். அரை நிமிடம் இருக்கும். பிறகு குடையில் ஒரு சீட்டைக் கட்டி அலுமாரியில் வைக்கிறார். அந்த விதவை இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் சிரித்தது அண்ணை. அதுவரை நடந்த பேச்சைத்தான் சொல்லியிருந்தேன்; அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு சொல் மொழிபெயர்க்கவில்லை, அவர் ஒரு எழுத்து வாசிக்கவில்லை. சோபாவின் கையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு சடாரென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இது உன்ர கதையெல்லோ.”

நான் அழத் தொடங்கினேன். ஆனால் அதற்குள்ளும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“என்ர கதையும்தான்,” என்றார் அண்ணை.

மச்சாள் திரும்பினார். “என்ன உங்கட கதை?”

“முதலாளி என்னைக் கேட்டவர். ஸ்டேசனைப் பொறுப்பெடுக்கிறியோ எண்டு. எனக்கென்ன தெரியும் சேர், வேற ஆரையும் போடுங்கோ எண்டன்.”

“எப்ப?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“ரெண்டு வருசமோ! எனக்குச் சொல்லேல்லை!”

“நீர் கேக்கேல்லை.”

“கனவு கண்டு கேக்கிறதோ? ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?”

“இன்னொருக்காக் கேப்பார் எண்டு பாத்தனான்,” என்றார் அண்ணை. கொஞ்சம் பொறுத்து, “எழுத்து வேலையும் கிடக்கும் எண்டு ஒரு பயம்தான்,” என்றார்.

மேலே ஒரு விமானம் போனது. மூன்று பேரும் அது போகும்வரை பேசாமல் இருந்தோம்.

பெட்டிக்குள் அந்த ஒற்றைப் பெயர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடி இருந்தேன். எங்கள் தெருவில் ஒருநாளும் காலடி வைத்திராத, எங்களில் ஒருவரையும் அறியாத ஒருவர், என்னையும் என் அண்ணையையும் ஒரு குடையைப் பிடித்தபடி நிற்க வைத்திருந்தார். அந்த அரை நிமிடத்தைக் கடதாசியில் எப்படி எழுதியிருப்பார்? ஒருவரும் ஒன்றும் சொல்லாத நேரத்தை என்ன சொல் போட்டு எழுதுவது? அன்றைக்குத் தொடங்கிய அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

மறுநாள் ஒரு அமெரிக்க நாடகம். அதிலும் ஒரு பெண்ணுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் திரும்பிப் போய்க் கதவைத் தள்ளித் திறந்து, நீங்கள் பிழை விடுகிறீர்கள், இந்த வேலைக்குச் சரியான ஆள் நான்தான் என்கிறாள். அரங்கமே கைதட்டுகிறது. வேலை கிடைத்துவிடுகிறது.

“அப்பிடிப் போய்ச் சொல்லு,” என்றார் அண்ணை.

மச்சாள் குசினியில் என்னைப் பழக்கினார். அவர் ஆசிரியை. கையில் அகப்பை.

“சொல்லும் பாப்பம். நான் கெட்டிக்காரி.”

“நான்…”

“வாயில கொழுக்கட்டையோ? சொல்லுமன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வசனம் தைத்துப் போட்ட ஆளைத் தவிர வேறொருவருக்கும் அளவாகாத சட்டை மாதிரி இருந்தது. ஆனாலும் மனப்பாடம் செய்தேன். அமெரிக்கர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். அவர்கள் திரும்பிப் போய்க் கதவைத் தட்டினார்கள். குடை பிடித்த மனிதர் தட்டவில்லை.

புதன்கிழமை வேலை முடிய, தட்டுக் கொட்டகையின் சீருடையோடேயே கல்லூரிக்குப் போனேன். ஆசிரியை மேசையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்று, மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன். “நீங்கள் பிழை…” என்றதும் மேலே விமானம். ஹவுன்ஸ்லோவில் வேலை செய்யும் எவரையும்போல அவரும் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். விமானம் போனபோது என் அமெரிக்க வசனத்தையும் கொண்டு போய்விட்டது.

வாயில் வந்தது வேறு. “திங்கட்கிழமை தொலைந்த பொருட்கள் அலுவலகம் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. இந்த நாட்டில் நாலே நாலு சேனல்கள்தான். திங்கட்கிழமை எட்டரைக்கு எல்லாரும் ஒரே வீட்டில் இருந்த மாதிரி. “ஐயோ, அந்தக் குடை!” என்றார்.

“அந்தக் குடை என் கையில்தான் இருக்கிறது,” என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். சாண்ட்விச்சை வைத்தார். கோப்பில் இருந்து என் படிவத்தை எடுத்து, தன் கையெழுத்தில் இருந்ததைத் தானே வாசித்தார். கழுத்து சிவந்தது.

“அப்படியென்றால் நான் அந்தத் தொப்பிக்காரரா?”

“மன்னிக்க வேண்டும். ஓம்.”

இப்போது அவர் முழுதாகச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்கேயே பிறந்தவள் நான். நானும் அப்படித்தான் பேசுவேன். நீங்கள் சொன்னபோது எனக்கே விளங்காமல் போய்விட்டது,” என்றார். பிறகு நேராக இருந்துகொண்டு கேட்டார்: “இரண்டாம் முறை கேட்கிறேன். உங்களால் ஈடுகொடுக்க முடியுமா?”

“முடியும்,” என்றேன். சொல்லி முடிய என் காது சுட்டது.

ஒரு வாய்ச்சொல்லை நம்பிப் படிவத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. அடுத்த திங்களுக்குள் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன். எது நன்றாகத் தெரியுமோ அதைப் பற்றி என்றார்.

அலுமாரிக்கு மேலே இருந்த கொப்பியை அண்ணைதான் எக்கி எடுத்துத் தந்தார். வேலையிடத்துத் தேநீர் இடைவேளைகளில் எழுதினேன். அமெரிக்க வீட்டின் பெரிய கூடத்தையும் பிரிட்டிஷ் வீட்டின் சின்னக் குசினியையும் பற்றி எழுதினேன். முன்னையதில் ஒருவர் கதவைத் தட்டினால் கதவு திறக்கும். பார்க்கிறவர் நாளைக்குத் தானும் தட்டலாம் என்று எழும்புவார். பின்னையதில் கதவு திறக்காது. அடுத்த திங்களும் அதே மனிதர் அதே மேசையில்தான் இருப்பார். ஆனால் நாங்கள் அவரைப் பார்க்கத் திரும்ப வருவோம். வென்றதற்காக இல்லாமல் ஒரு ஆளை நேசிக்கவைக்கும் வித்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அரசாங்க அலுவலகத்தில் இருந்து எங்கள் விசா பற்றிய பதில் வரும் வரும் என்று வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கு, அதே இடத்தில் நிற்கிற மனிதரைப் பார்த்துச் சிரிப்பது என்ன ஆறுதல் என்பதையும் எழுதினேன். இரண்டு பக்கம் ஐந்து பக்கமானது.

கல்லூரியின் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறை, ‘இடம் வழங்கப்படுகிறது’ என்ற வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

“சிரிப்பு நாடகம் பாத்து!” என்று சொல்லித் தலையை ஆட்டினார்.

அந்த ஒரு வருடத்தையும் முடித்துவிட்டேன். ஒரு கட்டுரைக்கும் பிந்தவில்லை. தட்டுக் கொட்டகையிலும் ஒரு ஷிப்ட் தவறவில்லை. அண்ணை இப்போது திரையின் அடியில் ஓடும் எழுத்துகளில் சின்னச் சொற்களைத் தானே பிடித்துவிடுகிறார். முதலாளியிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன் என்கிறார். மச்சாள் விட மாட்டார்.

போன வாரம் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் வந்தது. ஆங்கில இலக்கியமும் நாடகமும் என்று பாடம் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று வெறும் இடம் விட்டிருந்தார்கள். அவ்வளவு தெரியாது என்று தொடங்கி, அதை வெட்டிவிட்டு, ஒருவரும் பேசாத அரை நிமிடத்தை எப்படி எழுதுவது என்று படிக்க வருகிறேன், என்னால் முடியும் என்று எழுதினேன். இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் அதைச் சிவப்புத் தபால்பெட்டிக்குள் போட்டேன். உறை உள்ளே விழுந்த சத்தத்தை ஒரு விமானம் விழுங்கிவிட்டது. கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். பெட்டியின் வாயில் ஒன்றும் தட்டுப்படவில்லை. போய்விட்டது.